தங்கையை விற்று வாங்கிய பட்டு: புச்சி எமெச்செட்டாவின் வாழ்வும் எழுத்தும்

நைஜீரியாவில், நைஜர் ஆற்றுக்கு மேற்கே, அசாபா நகரத்துக்குப் பக்கத்தில் இபுசா என்று ஓர் ஊர் இருக்கிறது. இக்போ மக்களின் ஊர். அங்கே ஒரு அண்ணன், தான் வாலிபனாகிவிட்டதைக் கொண்டாடும் ஆட்டத்துக்குத் தலையில் கட்டிக்கொள்ளப் பட்டுத் துணி வேண்டும் என்று ஆசைப்பட்டான். கையில் காசில்லை. தாய் தகப்பனை இழந்த சின்னத் தங்கை ஒருத்தி வீட்டில் இருந்தாள். அவளைக் கூட்டிப்போய் ஓர் உறவுக்காரப் பெண்மணியிடம் விற்றுவிட்டுத் துணியை வாங்கிக்கொண்டான்.

அந்தத் தங்கை வளர்ந்து, எஜமானி இறந்த பிறகு ஊர் திரும்பி, கல்யாணம் செய்துகொண்டு, 1944 ஜூலை 21 அன்று லாகோஸில் ஒரு பெண்ணைப் பெற்றாள். ஃப்ளோரன்ஸ் ஒன்யெபுச்சி எமெச்செட்டா. 2017 ஜனவரி 25 அன்று லண்டனில் 72 வயதில் இறந்தபோது உலகம் அவரை புச்சி எமெச்செட்டா என்று அறிந்திருந்தது. நாவல்கள், சுயசரிதை, சிறுவர் கதைகள், தொலைக்காட்சி நாடகங்கள் என்று எண்ணினால் இருபது தலைப்புகளைத் தாண்டும்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஒரு வரிசையில் சொல்வார்கள். பதினாறு வயதில் கல்யாணம், பதினெட்டில் லண்டன், இருபத்திரண்டில் நான்கு பிள்ளைகளோடும் வயிற்றில் ஐந்தாவதோடும் கணவரை விட்டு வெளியேற்றம், அப்புறம் எழுத்து, விருது, புகழ். எல்லாம் உண்மைதான். ஆனால் இப்படிச் சொன்னால் அது ஒரு தன்னம்பிக்கைக் கதையாகி அங்கேயே முடிந்துவிடுகிறது. அவருடைய நாவல்களில் எனக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது காசுதான். யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், யார் யாருக்குக் கடன்பட்டவர்கள், ஒரு பெண்ணுக்கு எவ்வளவு என்ற கணக்கு. ஷில்லிங், பவுண்டு, சோழி என்று அலகு மாறிக்கொண்டே போகும். கணக்கு மட்டும் நிற்காது. விற்கப்பட்ட ஒருத்தியின் மகளுக்கு அது தானாகவே கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து 81, 82 என்று இரண்டு டிவிஷன்களைத் திரட்டி ஜப்பானியருக்கு எதிராக பர்மா காட்டுக்குள் அனுப்பியது. அப்படிப் போனவர்களில் அவரும் ஒருவர். பர்மாவின் சதுப்பு நிலத்தில் பட்ட காயம் ஆறவே இல்லை. மகளுக்கு ஒன்பது வயதாகும்போது அதுவே அவரைக் கொண்டுபோய்விட்டது. யாருடைய சண்டைக்கோ போனவர்களின் வீட்டுக் கதை பிற்பாடு மகளின் மிகச்சிறந்த நாவலுக்குள் வந்து உட்கார்ந்தது. அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவன் தம்பி. பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்ற கேள்விக்கு அப்போது பதில் தேவைப்படவில்லை. தன் வாழ்க்கையை ஒட்டி எழுதிய 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' நாவலில் ஆடா என்ற சிறுமி ஒருநாள் தானாகவே பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய், பக்கத்து வீட்டு ஆசிரியரின் வகுப்பில் உட்கார்ந்துவிடுகிறாள். பிள்ளையைக் கவனிக்காமல் விட்டதற்காகப் போலீஸ்காரர்கள் அம்மாவை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய், மரவள்ளி மாவைத் தண்ணீரில் கரைத்து ஒரு பெரிய கிண்ணம் நிறையக் குடிக்க வைக்கிறார்கள். அது ஒரு தண்டனை. அம்மா குடிக்க முடியாமல் திணற, மகள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பள்ளியில் சேர்ந்தாயிற்று, ஆனால் அந்தக் கிண்ணமும் அவளோடு கூடவே வருகிறது.

அதே நாவலில் இன்னொரு கணக்கு. உயர்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்ட வேண்டும். அப்பா போய்விட்டார், ஆடா உறவினர் வீட்டில் எடுபிடி வேலை செய்துகொண்டிருக்கிறாள். கறி வாங்கி வரச் சொல்லி இரண்டு ஷில்லிங் கொடுக்கிறார்கள். அவள் அதைத் தேர்வுக்குக் கட்டிவிட்டுக் காசு தொலைந்துபோனது என்கிறாள். பிரம்படி விழுகிறது. எண்ணிச் சொல்கிறார் நாவலாசிரியர்: நூற்று மூன்று அடி. அடி வாங்கிய பிறகு அவளுக்கு ஒரு திருப்தி. இரண்டு ஷில்லிங்குக்கு உரிய விலையைக் கொடுத்தாயிற்று, இனி அது திருட்டு இல்லை என்கிற மாதிரியான திருப்தி என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

நிஜத்தில் புச்சிக்கு லாகோஸ் மெத்தடிஸ்ட் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. அங்கே ஒரு வகுப்பில், பெரியவளாகி என்ன ஆகப் போகிறாய் என்று ஆசிரியை கேட்க, எழுத்தாளர் ஆவேன் என்று சொல்லியிருக்கிறார். திமிர் பிடித்த ஆசை, போய்ச் சிற்றாலயத்தில் மன்னிப்புக் கேட்டு ஜெபம் பண்ணு என்று அனுப்பிவிட்டார்களாம். அவருக்கு அந்த ஆசை ஆங்கிலப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. விடுமுறையில் இபுசாவுக்குப் போனால், 'பெரியம்மா' என்று எல்லாரும் கூப்பிடும் அத்தை நிலா வெளிச்சத்தில் பிள்ளைகளை உட்காரவைத்துக் குலத்தின் கதைகளைச் சொல்வார். அந்த இடம்தான் தனக்கு வேண்டும் என்று முடிவு செய்ததாகச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அத்தைக்குத் திமிர் என்று யாரும் சொன்னதில்லை.

1960-இல் நைஜீரியா விடுதலை பெற்றது. அதே ஆண்டு அவருக்குத் திருமணம். பதினொரு வயதிலேயே நிச்சயிக்கப்பட்ட மாப்பிள்ளை. இந்த இடத்தில் இக்போ வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டும். நம் பக்கத்தில் ஒரு காலத்தில் போட்ட பரிசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். வரதட்சணைக்குப் பழகிய காதுக்கு இது நல்ல ஏற்பாடாகத்தான் கேட்கும். ஆனால் எமெச்செட்டா காட்டுவது அதன் மறுபக்கம். பணம் கொடுத்தவன் வாங்கியவன் ஆகிறான். வாங்கிய பொருள் நன்றாக வேலை செய்ய வேண்டும். பிள்ளை பெறாவிட்டால் குறையுள்ள சரக்கு. படித்த பெண் என்றால் விலையும் கூடும். நாவலில் ஆடாவுக்கு அவள் வீட்டார் சொல்லும் தொகை 500 பவுண்டு. மாப்பிள்ளையால் அது முடியாது. பரிசம் தராமலே பதிவு அலுவலகத்தில் கல்யாணம். பையனின் அம்மா மட்டும்தான் சாட்சி, அவரும் கைநாட்டு. மோதிரம் வாங்க மறந்துபோய்விடுகிறார்கள். மோதிரம் இல்லாமல் முடியாது என்கிறார் பதிவாளர். சோகமான நாளைச் சிரித்துக்கொண்டே சொல்வது எமெச்செட்டாவின் பழக்கம். கல்லூரிகள் அவரைப் பாடமாக வைக்கும்போது இந்தச் சிரிப்பை எங்கேயோ தொலைத்துவிடுகிறார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு லாகோஸில் அமெரிக்கத் தூதரகத்தில் நல்ல சம்பளத்தில் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் கணவர் லண்டனுக்குப் படிக்கப் போனார். 1962-இல் இரண்டு குழந்தைகளோடு கப்பலேறி இவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்த ஆண்டு முக்கியமானது. பிரிட்டனின் பழைய காலனி மக்கள் அதுவரை தாராளமாக வந்து இறங்க முடிந்தது. 1962-இல் வந்த காமன்வெல்த் குடியேற்றச் சட்டம் அந்தக் கதவை முதன்முறையாகப் பாதி மூடியது. உள்ளே வந்துவிட்டவர்களுக்கும் வீடு கிடைப்பது பெரும்பாடு. வாடகை விளம்பரங்களில் 'கறுப்பர்களுக்கு இல்லை' என்று வெளிப்படையாகவே போடலாம்; சட்டம் தடுக்காது. இன உறவுச் சட்டம் 1965-இல் வந்தபோதும் அது பொது இடங்களோடு நின்றுவிட்டது. வீட்டு வாடகையில் பாகுபாடு குற்றம் என்றானது 1968-இல்தான். ஆக, அவர் குடும்பம் வீடு தேடி அலைந்த ஆண்டுகள் முழுக்க, கதவைச் சாத்துகிறவர்களுக்குச் சட்டப்படி ஒரு தொல்லையும் இல்லை.

அதை அவர் எப்படி எழுதினார் என்று பாருங்கள். ஆடா பொதுத் தொலைபேசியில் வீட்டுக்காரம்மாவிடம் பேச வேண்டும். ஆப்பிரிக்கக் குரல் என்று தெரிந்தால் அங்கேயே முடிந்தது. மூக்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசிப் பழகுகிறாள். தந்திரம் பலிக்கிறது, வந்து பாருங்கள் என்கிறாள் அந்த அம்மா. மாலையில் கணவனும் மனைவியுமாகப் போய்க் கதவைத் தட்டினால், முகத்தைப் பார்த்ததும் வீட்டுக்காரம்மாவுக்குப் பேச்சு வரவில்லை. அறை இப்போதுதான் போய்விட்டது என்று திணறிச் சொல்கிறாள். இனவெறி என்ற சொல்லை வைத்து ஒரு பக்கம் விளக்கியிருக்கலாம். அவர் மூக்கை மட்டும் காட்டிவிட்டு நகர்கிறார்.

லாகோஸில் நான்கு பேர் மதிக்கும் வேலையில் இருந்த பெண், லண்டனில் ஒற்றை அறையில், ஊரில் தன்னைவிடக் கீழே என்று நினைத்தவர்களோடு ஒரே குளியலறையைப் பகிர வேண்டியிருக்கிறது. அவளே ஒரு மேட்டிமைக்காரி என்பதை நாவல் மறைக்கவில்லை. அது எனக்குப் பிடித்த நேர்மை. இங்கே வந்து இறங்கிய நாளிலிருந்து நாமெல்லாரும் இரண்டாந்தரக் குடிமக்கள்தான், அதனால் நம் ஆட்களையே நீ மட்டமாகப் பார்க்காதே என்று கணவன் சொல்லும் இடத்திலிருந்துதான் தலைப்பு வருகிறது. வெள்ளைக்காரர்கள் சூட்டிய பெயர் என்று நினைத்துப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு அங்கே ஒரு சறுக்கல் காத்திருக்கிறது.

இன்னொன்று: அந்தக் காலத்தில் பிரிட்டனில் படிக்க வந்த மேற்கு ஆப்பிரிக்கத் தம்பதிகள் பலர், பிள்ளைகளை வெள்ளைக்காரக் குடும்பங்களில் காசு கொடுத்து வளர்க்க விட்டார்கள். படிப்பு, வேலை, வாடகை அறை மூன்றுக்கும் நடுவில் குழந்தையை வைத்துக்கொள்ள இடமில்லை. பிள்ளையைக் கூடவே வைத்திருப்பவளைத்தான் அக்கம்பக்கத்து நைஜீரியர்கள் விசித்திரமாகப் பார்த்தார்கள். ஆடா மறுக்கிறாள். பகல் நேரத்துக்கு மட்டும் ஒரு பெண்ணிடம் விடுகிறாள். அந்த வீட்டின் கொல்லையில் குழந்தைகள் குப்பைக்கு நடுவில் விளையாடுகின்றன. மகன் மூளைக்காய்ச்சலில் விழுகிறான். மருத்துவமனை அவனைக் காப்பாற்றுகிறது.

பிள்ளைகள் வரிசையாகப் பிறந்தன. ஆறு ஆண்டுகளில் ஐந்து. கருத்தடை வேண்டுமென்றால் மருத்துவ நிலையம் கணவன் கையெழுத்திட்ட படிவம் கேட்கிறது. நாவலில் ஆடா அந்தக் கையெழுத்தைத் தானே போடுகிறாள். தெரிந்ததும் அடி, அதோடு குடியிருப்பு முழுக்க மானக்கேடு. தன் உடம்புக்குத் தானே கள்ளக் கையெழுத்துப் போட வேண்டியிருந்த நாடு நைஜீரியா அல்ல, இங்கிலாந்து.

இதற்கிடையில் அவர் எழுதத் தொடங்கியிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் எழுதும் சாதாரண நோட்டுப் புத்தகங்கள். நாவல் சொல்கிறபடி நான்கு நோட்டு. பரிசத்தைப் பற்றிய கதை. நூலகத்தில் கூட வேலை பார்த்தவர்கள் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது, வெளியிடலாம் என்கிறார்கள். கணவன் படிக்க மறுக்கிறான். ஒருநாள் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது காகிதம் எரியும் வாசனை. அவன் அடுப்பருகே நின்று அதை எரித்துக்கொண்டிருக்கிறான். தன் வீட்டுப் பெண் இப்படிப் புத்தகம் எழுதுவதைத் தன் குடும்பம் ஏற்காது என்கிறான். இது நாவலில் மட்டும் நடந்ததல்ல. எமெச்செட்டாவின் முதல் கைப்பிரதி அப்படித்தான் போனது; அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

1966-இல் அவர் வீட்டை விட்டு வெளியேறினார். நாவலின் நீதிமன்றக் காட்சியில் கணவன் தங்களுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று சாதிக்கிறான், சான்றிதழ்களையும் எரித்துவிட்டான். பிள்ளைகளைத் தத்துக் கொடுத்தால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றும் சொல்கிறான். ஆடா பிள்ளைகளைத் தானே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, அவனிடம் எதையும் கேட்காமல் வெளியே வருகிறாள்.

பிரிட்டிஷ் மியூசியத்தில் நூலக அலுவலராக 1969 வரை வேலை. அதன் பிறகு லண்டன் கல்வி ஆணையத்தில் இளைஞர் நலப் பணி. நடுவில் அரசு உதவிப் பணத்தில் ஓடிய காலமும் உண்டு. கூடவே லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம். பிள்ளைகள் எழுவதற்கு முன், விடியற்காலையில் எழுத்து. தன் இரண்டாவது புத்தகத்தைப் பிள்ளைகளுக்குக் காணிக்கையாக்கி, அவர்களின் இனிமையான பின்னணிச் சத்தம் இல்லாமல் இது எழுதப்பட்டிருக்காது என்று போட்டார். எழுத்தாளருக்குத் தனிமை வேண்டும், தனி அறை வேண்டும் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் இந்தக் காணிக்கை. அமெரிக்க நாவலாசிரியர் ஆலிஸ் வாக்கர் இதையே பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் இருந்தும் எழுதியவர் என்று சொல்லக் கூடாது, பிள்ளைகளால்தான் எழுதியவர் என்று கட்டுரை எழுதினார்.

அவர் அனுப்பிய கட்டுரைகள் பல இடங்களிலிருந்து திரும்பி வந்தன. கடைசியில் 'நியூ ஸ்டேட்ஸ்மன்' வார இதழ் எடுத்துக்கொண்டது. ஆசிரியர் ரிச்சர்ட் கிராஸ்மன். இவர் 1964 முதல் 1966 வரை பிரிட்டனின் வீட்டுவசதி அமைச்சராக இருந்தவர். அரசுக் குடியிருப்பின் ஈரச் சுவர்களைப் பற்றி ஒரு கறுப்பினத் தாய் எழுதியதை முன்னாள் வீட்டுவசதி அமைச்சர் அச்சுக்கு அனுப்பினார் என்பது யாரும் திட்டமிடாத வேடிக்கை. அந்தக் கட்டுரைகள்தான் 1972-இல் 'இன் த டிச்' என்ற முதல் புத்தகமாயின. டிச் என்றால் பள்ளம், சாக்கடை, இரண்டும்தான்.

அந்தப் புத்தகத்தைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது முக்கியம். ஆடா போய்ச் சேரும் குடியிருப்பில் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண்கள், அதிலும் கணவன் இல்லாதவர்கள். குடியேறி வந்தவளின் கதை அங்கே ஏழைப் பெண்களின் கதையோடு கலந்துவிடுகிறது. உதவிப் பணம் வரும் நாள், நிலக்கரிச் செலவு, சலவை அறை அரட்டை, நலத்துறை அலுவலரின் அன்பான விசாரிப்பு. அந்த அன்பைத்தான் அவர் சந்தேகத்தோடு பார்க்கிறார். உதவி செய்கிறவருக்கு உதவி தேவைப்படுகிறவர் எப்போதும் இருந்தாக வேண்டும். சம்பாதிக்கத் தொடங்கினால் உதவி வெட்டு விழும். பள்ளத்திலிருந்து ஏறுகிறவளுக்கு முதல் படியே வழுக்கும். சமூகவியல் படித்துக்கொண்டிருந்தவர், படிக்கப்படும் பொருளாகவும் இருந்தார்.

அடுத்த புத்தகங்களை அலிசன் அண்ட் பஸ்பி என்ற சின்னப் பதிப்பகம் கொண்டுவந்தது. கானாவில் பிறந்த மார்கரெட் பஸ்பி 1967-இல் நண்பரோடு தொடங்கிய நிறுவனம். பிரிட்டனில் பதிப்பாளரான முதல் கறுப்பினப் பெண் அவர். 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' 1974-இல் வந்தது. 1976-இல், எரிந்துபோன நாவலை எமெச்செட்டா முதலிலிருந்து மறுபடியும் எழுதினார். அதுதான் 'தி பிரைட் பிரைஸ்'.

கதைநாயகியின் பெயர் அகுன்னா. அப்பாவின் செல்வம் என்று பொருள். செல்வம் என்றால் அவளால் பின்னால் வரப்போகும் பரிசப் பணம். அப்பா இறந்ததும் அவளும் அம்மாவும் ஊருக்கு வந்து பெரிய குடும்பத்தின் சொத்தாகிறார்கள். அகுன்னா விரும்புவது ஓர் ஆசிரியரை. அவர் முன்பு அடிமைகளாக இருந்தவர்களின் வம்சம். படிப்பும் பணமும் இருந்தும் ஊர் அவர்களைச் சமமாகச் சேர்ப்பதில்லை. வேறொருவன் அவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் கட்டாயக் கல்யாணம் செய்யப் பார்க்கிறான். அவள் தப்பித்து விரும்பியவரை மணக்கிறாள். ஆனால் குடும்பம் பரிசத்தை வாங்க மறுக்கிறது. பரிசம் வாங்கப்படாத பெண் முதல் பிரசவத்தில் சாவாள் என்பது ஊர் நம்பிக்கை. அவள் பிரசவத்தில் சாகிறாள். எரிந்த பிரதியில் முடிவு இப்படி இல்லையாம். தம்பதி பெற்றோரோடு சமாதானமாகி நன்றாக வாழ்ந்தார்களாம். இடையில் எமெச்செட்டா தாமும் பரிசம் தராத ஒரு கல்யாணத்தை வாழ்ந்து முடித்திருந்தார். அந்த மரணத்தில் ஊர் ஜெயித்ததா, வெறும் உடம்பு தளர்ந்ததா என்று நாவல் பிரித்துச் சொல்வதில்லை. நான் படித்தவரை இதுதான் அவருடைய மிகக் கொடூரமான முடிவு.

1979-இல் 'தி ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்' வந்தது. தாய்மையின் இன்பங்கள். தலைப்பு இரவல். நைஜீரியாவின் ஃப்ளோரா ந்வாபா 1966-இல் 'எஃபுரு' என்ற நாவலை வெளியிட்டிருந்தார். அதன் கடைசி வரிகளில் ஏரியில் வாழும் ஒரு பெண் தெய்வம் வருகிறாள்: அழகி, செல்வந்தி, பிள்ளை இல்லாதவள், தாய்மையின் இன்பத்தை அறியாதவள், பின் ஏன் பெண்கள் அவளைக் கும்பிட்டார்கள் என்று அந்த நாவல் கேட்டுவிட்டு முடிகிறது. எமெச்செட்டா அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு, தாய்மையின் இன்பத்தை முழுக்க அறிந்த ஒருத்தியை எழுதினார்.

அவள் பெயர் நு எகோ. இருபது மூட்டைச் சோழி என்று பொருள். சோழி ஒரு காலத்தில் அங்கே நாணயம். மறுபடியும் பெயரே ஒரு தொகை. முதல் கல்யாணத்தில் பிள்ளை இல்லை, திருப்பி அனுப்பப்படுகிறாள். இரண்டாவது கணவன் லாகோஸில் வெள்ளைக்காரத் துரை வீட்டில் துணி துவைக்கிறவன். பிறந்த முதல் குழந்தை சில வாரங்களில் இறந்துவிட, கார்ட்டர் பாலத்திலிருந்து குதிக்க ஓடுகிறாள். நாவல் தொடங்குவதே அந்த ஓட்டத்தில்தான். பிறகு பிள்ளைகள் வருகின்றன. கணவனின் அண்ணன் இறந்ததும் அண்ணன் மனைவிகள் இவனுக்கு வந்துசேர்கிறார்கள். ஒருத்தி அதே ஒற்றை அறைக்கு வந்துவிடுகிறாள். கணவனை ராணுவம் பிடித்துக்கொண்டு பர்மாவுக்கு அனுப்புகிறது. நு எகோ விறகும் சிகரெட்டும் தீப்பெட்டியும் சில்லறையாக விற்றுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். கிராமத்துக் கணக்கில் பிள்ளைகள் முதலீடு; வயதான காலத்தில் வட்டியோடு திரும்பி வரும். நகரத்தில் அந்தக் கணக்கு நடப்பதில்லை என்பதை அவள் கடைசிவரை நம்ப மறுக்கிறாள். மூத்தவன் அமெரிக்கா போகிறான், அடுத்தவன் கனடா. கடிதம் வருவதில்லை. ஒருநாள் இரவு சாலையோரம் படுத்தவள் அங்கேயே, கையைப் பிடிக்க ஒரு பிள்ளை இல்லாமல் செத்துப்போகிறாள்.

அதன் பிறகு எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். கடன் வாங்கி ஊரே பார்க்காத அளவில் ஈமச்சடங்கு செய்கிறார்கள். பிள்ளை இல்லாத பெண்கள் வேண்டிக்கொள்ள அவள் பெயரில் ஒரு கோயிலும் கட்டுகிறார்கள். எத்தனை பேர் வேண்டியும் அவள் யாருக்கும் பிள்ளை கொடுப்பதில்லை. செத்த பிறகும் பொல்லாதவள் என்று ஊர் அவளைக் குறை சொல்கிறது.

இப்படி எழுதியதற்காக அவருக்கு ஊரில் பாராட்டு மட்டும் கிடைத்துவிடவில்லை. சொந்தப் பண்பாட்டை வெள்ளைக்காரனுக்கு முன்னால் அவமானப்படுத்துகிறார், லண்டனில் உட்கார்ந்துகொண்டு எழுதுகிறார், ஆண்களை வில்லன்களாக்குகிறார் என்றெல்லாம் நைஜீரிய விமர்சகர்கள் சிலர் தாக்கினார்கள். கடைசிக் குற்றச்சாட்டில் கொஞ்சம் நியாயம் உண்டு. 'செகண்ட் கிளாஸ் சிட்டிசன்' கணவனுக்கு ஆசிரியர் ஒரு வாய்ப்பும் தருவதில்லை. ஆனால் நு எகோவின் கணவனை அப்படிச் சொல்ல முடியாது. துரைசாணியின் உள்ளாடையைத் துவைத்துப் பிழைக்கிறவன், யாரென்றே தெரியாத எதிரியோடு சண்டைபோட அனுப்பப்பட்டவன். அவனும் விலைபோனவன்தான். மேற்கத்தியப் பெண்ணியவாதிகள் அவரைத் தங்களில் ஒருவராக்கப் பார்த்தபோதும் அவர் முழுசாகப் போய்ச் சேரவில்லை. வேண்டுமானால் சின்ன எழுத்தில் எழுதும் ஆப்பிரிக்கப் பெண்ணியவாதி என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பிள்ளைகளையும் கூட்டுக் குடும்பத்துப் பெண்களின் துணையையும் விட்டுக்கொடுக்கும் பெண்ணியம் அவருக்கு ஒத்துவரவில்லை.

நைஜீரிய உள்நாட்டுப் போரைப் பற்றி 1982-இல் 'டெஸ்டினேஷன் பியாஃப்ரா' எழுதினார். ஆண்கள் கையில் இருந்த போர் நாவலில் ஒரு பெண்ணை நடுவில் நிறுத்திய துணிச்சல் அதில் உண்டு. நாவலாக அது எனக்குக் கனமாகவே இருக்கிறது. 1983-இல் பிரிட்டனின் சிறந்த இளம் நாவலாசிரியர்கள் என்று கிராண்டா இதழ் வெளியிட்ட இருபது பேர் பட்டியலில் சல்மான் ருஷ்டி, கசுவோ இஷிகுரோவோடு அவர் பெயரும் இருந்தது. அந்த இருவரும் அப்புறம் போன உயரம் தெரியும். எமெச்செட்டா அதே காலகட்டத்தில் மகனோடு சேர்ந்து ஒக்வுக்வு அஃபோர் என்ற சொந்தப் பதிப்பகம் தொடங்கித் தன் புத்தகங்களைத் தானே வெளியிடப் பார்த்தார். அஃபோர் என்பது இக்போ வாரத்தின் நான்கு சந்தை நாட்களில் ஒன்று. 2005-இல் பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.இ. விருது. 2010-இல் பக்கவாதம், அதன் பிறகு எழுத்து நின்றது. அவர் இறந்தபோது அடுத்த தலைமுறை நைஜீரிய நாவலாசிரியர் சிமமாண்டா ங்கோஸி அடிச்சி, நீங்கள் முதலில் பேசியதால்தான் எங்களால் பேச முடிகிறது என்று எழுதினார். பின்னர் பென்குவின் பதிப்பகம் தன் நவீன செவ்வியல் வரிசையில் அவர் நாவல்களை மறுபடி அச்சிட்டது.

அம்மாவின் கதைக்கு வருகிறேன். 1986-இல் வந்த சுயசரிதையில் எமெச்செட்டா அவரை ஆறடி உயரம், உரத்த குரல், ஓயாத சிரிப்பு என்று வர்ணிக்கிறார். தானாகவே விடுதலையாகி ஊர் திரும்பும் துணிச்சல் இருந்தவள், திரும்பி வந்தபின் ஊர் வழக்கம் மறுபடி அடிமையாக்கக் குனிந்துகொடுத்தாளே, கிறிஸ்தவம் அந்த முடிச்சை இன்னும் இறுக்க விட்டாளே என்ற ஆற்றாமையும் அங்கே இருக்கிறது.

இந்த அம்மாதான் 1977-இல் வந்த 'தி ஸ்லேவ் கேர்ள்' நாவலின் நாயகி. பெயரைக்கூட மாற்றவில்லை: ஒஜெபெட்டா. 1918 இன்ஃப்ளூயன்ஸாவில் பெற்றோர் போகிறார்கள். அண்ணன் அவளை ஒனிட்சா சந்தைக்குக் கூட்டிப்போய்ப் பணக்கார வியாபாரி ஒருத்தியிடம் எட்டுப் பவுண்டுக்கு விற்கிறான். எஜமானி இறந்ததும் ஊர் திரும்புகிறாள், வளர்ந்து கல்யாணம் செய்துகொள்கிறாள். கரு தங்காமல் கலைந்துகொண்டே இருக்கிறது. வாங்கியவர்களுக்கு இன்னும் பணம் திரும்பவில்லை, அந்தக் கடன்தான் காரணம் என்கிறார்கள். எஜமானியின் மகன் வந்து நிற்கிறான். கணவன் எட்டுப் பவுண்டை எண்ணிக் கொடுக்கிறான். உலகப் போரில் பிரிட்டன் ஜெயித்து எழும் நேரம் அது. அடிமை முறையை ஒழித்துவிட்டதாக அது சொல்லிக்கொண்டிருக்கையில், 35 வயது ஒஜெபெட்டா ஓர் எஜமானிடமிருந்து இன்னோர் எஜமானுக்குக் கைமாறுகிறாள் என்று நாவல் முடிகிறது.

போர் முடிந்த ஆண்டு 1945. லாகோஸில் இருந்த அந்த அம்மாவின் மகளுக்கு அப்போது ஒரு வயது.